கோகிலா அக்கா பேட்ச்

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடு போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது ஆர்.எஸ். ஸ்ட்ரக்சுரல்ஸ். அடுக்குமாடிகளுக்கும் தொழிற்சாலைக் கூடங்களுக்கும் தூண் எவ்வளவு கனம், பீமில் எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டு டிராயிங் கொடுக்கிற கம்பெனி. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்குக் கீழே, 'இன்டர்னாக வந்தவர்கள் இங்கேயே வளர்கிறார்கள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெண்தான் கோகிலவாணி. அவள் இன்டர்னாக வந்தது உண்மை. வளர்ந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோகிலவாணிக்குப் பம்மல். அப்பா ஜெயவேலு பல்லாவரம் ஸ்டேஷனுக்கும் பம்மலுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவர் ஓட்டிய ஓட்டத்தில்தான் மகள் காட்டாங்குளத்தூருக்கு அந்தாண்டை ஒரு காலேஜில் சிவில் படித்தாள். கடைசி வருஷம் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் கொடுத்தால்தான் பாஸ். கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் சித்தப்பா, மாமா கம்பெனிகளில் சீல் குத்தி வாங்கிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். சீல் குத்திக் கொடுக்க இவளுக்கு மாமா இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணில் பட்ட போர்டெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில் இந்த மருந்துக்கடை மாடிக்கு வந்து நின்றாள்.

முதலாளி ஸ்ரீநிவாசராகவன். எல்லோருக்கும் ராகவன் சார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும், நானும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பழைய டிராயிங்கைக் கையில் கொடுத்து, "இதுல தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டு வா" என்றார். இவள் இரண்டு தப்பு கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றுதான் அவருக்கே தெரிந்திருந்தது. இன்டர்ன்ஷிப் முடிந்த அன்றைக்கே, இன்டர்வியூ ஒன்றும் இல்லாமல், "அந்த நாற்காலி உன்னோடதும்மா, ஜூன்ல வந்து உக்காந்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அவர்கள் தெருவில் இன்ஜினியர் வேலைக்குப் போன முதல் பெண் இவள்தான். ஜெயவேலு அன்றைக்குத் தன் ஆட்டோவில் ஏறியவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னார். யாரோ ஒருவர் இறங்க வேண்டிய இடத்தையே மறந்துபோனாராம்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் எல்லாம் 'சார்', 'மேடம்', 'நீங்க'. இன்டர்னாக வந்து தங்கியவர்களுக்கு வெறும் பெயர்தான், 'நீ'தான். வயது ஏறினாலும், தலையில் ஒன்றிரண்டு நரைத்தாலும் அது மாறுவதில்லை. ராகவன் சார் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "கோகிலா நம்ம வீட்டுப் பொண்ணு" என்பார். இவளுக்கு அது பிடித்திருந்தது. மேடம் என்று கூப்பிட்டால் தள்ளிவைத்த மாதிரி இருக்கும் என்றுகூட நினைத்தாள். பைத்தியக்காரி! ஆபீஸில் யாராவது 'வீட்டுப் பொண்ணு' என்று சொன்னால் அந்த நிமிஷமே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வீட்டுப் பெண்ணுக்கு எந்த வீட்டில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்?

வருஷா வருஷம் ஜூனில் புதிய இன்டர்ன்கள் வருவார்கள். அவர்களைப் பழக்குவது இவள் பொறுப்பு. கம்பியை எங்கே வளைப்பது, சைட்டில் மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது, கிளையன்ட் கத்தினால் எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் இருந்துவிட்டு பெங்களூர், புனே, துபாய் என்று ஆளுக்கொரு பக்கம் பறந்துவிடுவார்கள். அவர்களில் ஒருவன் உதயகுமார். முதல் தடவை போட்ட கணக்கு தப்பாகி, ராகவன் சார் டிராயிங்கைத் தூக்கி எறிந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து அழுதவன். இவள்தான் டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து போடச் சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவனும் பெங்களூர் போய்விட்டான்.

இவளுக்கும் பெங்களூரிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அப்பா போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்கெல்லாம் போட்டுவிட்டாள். மரியாதைக்கு ராகவன் சாரிடம் சொல்லப் போனவளை அவர் உட்காரச் சொன்னார். "ஏகநாதன் ரிட்டையர் ஆனா டிசைன் ஹெட் யாரு? நீதானே? தெரியாத ஊர்ல போய் எதுக்கும்மா அல்லாடணும்?" என்றார். ஏகநாதன் அங்கே டிசைன் பிரிவின் தலைவர். அந்த ஒரு வார்த்தையை நம்பி இவள் பெங்களூருக்கு வரவில்லை என்று பதில் போட்டாள். எழுதி வாங்கிக்கொள்ளவில்லையா என்று கேட்காதீர்கள். வீட்டுப் பெண் எங்கேயாவது எழுதி வாங்குவாளா?

இந்த மார்ச் மாதம் ஏகநாதன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, வெள்ளித்தட்டு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவர் அறை பூட்டிக்கிடந்தது. கோகிலவாணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ராகவன் சார் யாருக்கு என்ன பதவி என்பதை ஆபீஸில் சொல்லமாட்டார். ஏப்ரல் முதல் சனிக்கிழமை ஆபீஸையே, குடும்பத்தோடு, திருநீர்மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். ரங்கநாதர் சந்நிதியில் முதலில் கம்பெனி பெயருக்கு அர்ச்சனை. அதன்பின் அந்த வருஷம் யாரை உயர்த்தப் போகிறாரோ அவர் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை. பெருமாளுக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் மார்ச் கடைசியில் ராகவன் சார் யாரிடமாவது நட்சத்திரம் கேட்டுவிட்டால், ஆபீஸில் அன்றைக்கே குசுகுசுவென்று வாழ்த்து ஆரம்பித்துவிடும்.

இந்த வருஷம் அவர் கோகிலவாணியின் மேசைக்கு வந்தார். "உனக்கு என்ன நட்சத்திரம்மா?" என்றார்.

"திருவோணம் சார்."

"மகர ராசி. சரி சரி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசைக்காரி ஜான்சி இவள் கையைப் பிடித்து அழுத்தினாள். இவளுக்கு அன்றைக்கு ஒரு கணக்கும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டு வரும்போது தானாகச் சிரித்தாள்.

வீட்டில் அம்மா ஜெயக்கொடி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மெய்யாலுமா? அவரே வந்து கேட்டாரா?"

"அவரேதாம்மா."

"அப்போ உனக்குத்தான்டி! வேற இன்னாத்துக்குக் கேக்கப் போறாரு? நானும் வரேன் மலைக்கு."

"உனக்கு முட்டி வலிம்மா. படி ஏறணும்."

"முட்டி கெடக்குது வுடு. என் பொண்ணு பேரைச் சாமியாண்ட சொல்றத நான் கேக்க வாணாமா? உங்கப்பாதான் இல்ல, நானாவது வந்துகினு போறேன்" என்றாள் ஜெயக்கொடி. அடுத்த நாள் காலைக்குள் தெருவில் பாதி வீட்டுக்கு விஷயம் போய்விட்டது.

சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும் என்று எல்லோரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அடிவாரத்தில் உதயகுமார் நின்றுகொண்டிருந்தான். பட்டு வேஷ்டி, கூட மனைவி. "அக்கா! எப்படி இருக்கீங்க?" என்று ஓடிவந்தான். ஊருக்கு வந்திருப்பான், பழைய பாசத்தில் சார் கூப்பிட்டிருப்பார் என்று இவள் நினைத்தாள். அம்மாவிடம், "என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பையன்மா" என்று பெருமையாகக் காட்டினாள். ஜெயக்கொடி அவனை வாயார வாழ்த்தினாள்.

மேலே சந்நிதியில் ஜெயக்கொடி முண்டியடித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டாள். மூச்சு வாங்கியது, ஆனாலும் கைகூப்பிக்கொண்டு நின்றாள். அர்ச்சகர் கம்பெனி பெயரைச் சொன்னார். ராகவன் சார் பெயரைச் சொன்னார். பிறகு திரும்பி, "அடுத்தது யாரு? பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

ராகவன் சார் கண்ணை மூடிக்கொண்டு, தெளிவான குரலில் சொன்னார்.

"உதயகுமார். அனுஷ நட்சத்திரம்."

கோகிலவாணிக்குக் காதில் விழுந்தது, ஆனால் புரியவில்லை. தன் பெயரைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஜான்சி தலையைக் குனிந்துகொண்டாள். அர்ச்சகர் மந்திரம் சொல்லி முடித்துத் துளசியைக் கொண்டுபோய் உதயகுமார் கையில் கொடுத்தார். ஜெயக்கொடி மட்டும் கூப்பிய கையை இறக்கவில்லை. மெல்லத் திரும்பி, "அடுத்தது உன் பேரு தான?" என்று கேட்டாள். தீர்த்தம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "இல்லம்மா, முடிஞ்சிடுச்சு. கையை நீட்டு" என்றாள் கோகிலவாணி. அந்த நேரத்தில் அவள் பட்ட அவமானத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

மண்டபத்தில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் ராகவன் சாரிடம் போனாள். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள், வாய் கேட்டுவிட்டது.

"சார், என் நட்சத்திரம் கேட்டீங்களே?"

"ஆமாம்மா, காலேஜ் ப்ரோக்ராமுக்குத் தேதி குறிக்கணுமே! போன வருஷம் உனக்குச் சந்திராஷ்டமத்துல போயி விழுந்தது. மைக் வேலை செய்யல, நல்ல பசங்க ஒருத்தர்கூடச் சேரல. இந்த வருஷம் உன் ராசிக்குப் பார்த்துத்தான் போட்டிருக்கேன். நீதானே அங்க பேசணும்?"

மாணவர்களை இன்டர்னாகச் சேர்க்க அவர் வருஷா வருஷம் காலேஜுக்குப் போவார், மேடையில் இவளைப் பேசவைப்பார். அதற்குத்தான் நட்சத்திரம். இவள் முகத்தில் ஈயாடவில்லை.

"டிசைன் ஹெட்..." என்று இழுத்தாள்.

"உதயா வெளியில பெரிய கம்பெனியெல்லாம் பார்த்துட்டு வந்திருக்கார்மா. அந்த அனுபவம் நமக்கு வேணும். உனக்கு நான் சொல்லணுமா? நீ நம்ம வீட்டுப் பொண்ணு, நீ புரிஞ்சுப்பே" என்று அவள் கையில் ஒரு தொன்னையை வைத்தார்.

நேற்றுவரை 'அவன்' ஆக இருந்த உதயா, 'வந்திருக்கார்' ஆகிவிட்டான். அந்த ஆபீஸில் இன்டர்ன் ஒருவன் 'சார்' ஆக ஒரே வழிதான் உண்டு, வெளியே போய்விட்டுத் திரும்பி வருவது. இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு அது அந்த மண்டபத்தில், புளியோதரைத் தொன்னையோடு நிற்கும்போதுதான் புரிந்தது. "புரியுது சார்" என்றாள். தொன்னையை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும் என்பேன் நான். அவள் எறியவில்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

இறங்கும்போது ஜெயக்கொடி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். பாதி வழியில் நின்று கேட்டாள்.

"அந்தப் புள்ள உன்னாண்டதான வேலை கத்துகினான்?"

"ஆமாம்மா."

"அப்போ இன்னாத்துக்கு அம்மாம் நல்லாக் கத்துக் குட்த்தே?"

கோகிலவாணி அம்மாவின் கையைப் பிடித்து அடுத்த படிக்கு இறக்கினாள்.

திங்கட்கிழமை பூட்டு திறந்தது. உதயகுமார் நேராக இவள் மேசைக்கு வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "அக்கா, நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா ஒத்துக்கிட்டேன்" என்றான். அன்று மதியம் ஒரு சந்தேகத்துக்காக இவள் வழக்கம்போல, "உதயா, இங்க வா" என்று கூப்பிட்டாள். ராகவன் சார் தனியாக அழைத்து, "ஆபீஸ்ல சார்னு கூப்பிடும்மா. புதுசா வர்றவங்க பார்ப்பாங்க இல்லையா?" என்றார். அன்றிலிருந்து சார் என்றாள். முதல் இரண்டு நாள் 'உதயா' என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டாள், பிறகு பழகிவிட்டது.

சும்மா இருந்துவிடவில்லை அவள். வேறு வேலை தேடினாள். பள்ளிக்கரணை பக்கம் ஒரு நல்ல கம்பெனி, கூப்பிட்டார்கள். லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சுடிதாரில் போய் உட்கார்ந்தாள். கதவைத் திறந்துகொண்டு இன்டர்வியூ எடுக்க வந்தவன் விக்கி. நாலைந்து பேட்ச்சுக்கு முன்னால் இவளிடம் இன்டர்னாக இருந்தவன். பார்த்ததும் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் தவித்தான்.

"அக்கா! நீங்களா? லிஸ்ட்ல பேரைப் பார்த்தப்போ வேற யாரோ கோகிலவாணின்னு நெனச்சேன்."

"நான்தான்டா. கேளு, என்ன கேக்கணுமோ கேளு."

"உங்கள நான் என்னக்கா கேக்கறது?" என்று சிரித்தவன், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "இது என் டீம்ல ஒரு போஸ்ட்டுக்கா. எனக்குக் கீழ. உங்கள எப்படிக்கா நான் வேலை வாங்கறது? நல்லாவா இருக்கும்? மேல எதுவும் காலி இல்ல. மேல எடுக்கணும்னா ரெண்டு மூணு கம்பெனி பார்த்திருக்கணும்னு கேக்கறாங்க."

"எனக்குப் பரவால்லடா. நான் பாத்துக்கறேன்."

"எனக்கு மனசு கேக்காதுக்கா" என்றான் விக்கி. டீ வரவழைத்தான், பிஸ்கட் வைத்தான், வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். பெரிய மரியாதைதான். பட்டினி கிடப்பவனுக்கு மாலை போட்ட மாதிரி.

ராகவன் சார் குறித்த நல்ல நாளும் வந்தது. காட்டாங்குளத்தூருக்கு அந்தாண்டை, இவள் படித்த அதே காலேஜ். காரில் போகும்போதே இவள் முடிவு செய்துகொண்டாள். இந்தத் தடவை மேடையில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஓடிவிடுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, அப்படியே இறங்கி நடந்துவிட வேண்டும். வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டாள்.

ஏசி ஹால் நிறைய மாணவர்கள். திரையில் உதயகுமாரின் படம் வந்தது. 'இன்டர்ன் முதல் டிசைன் ஹெட் வரை' என்று தலைப்பு. நடுவில் பெங்களூரில் இருந்த வருஷங்களைக் காணோம், யார் கழுவிவிட்டார்களோ. "நானும் உங்கள மாதிரி இன்டர்னாத்தான் இங்க ஆரம்பிச்சேன்" என்று அவன் சொன்னபோது கைதட்டல் அடங்கவே இல்லை. அடுத்து இவளைக் கூப்பிட்டார்கள். மைக் அன்றைக்குக் கணீரென்று வேலை செய்தது.

முன்வரிசையில் ராகவன் சார் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். இவள் வாயைத் திறந்தாள். போன வருஷம் பேசியது, அதற்கு முந்தின வருஷம் பேசியது, அப்படியே வரி மாறாமல் வந்தது. ஷேர் ஆட்டோ, பழைய டிராயிங், இரண்டு தப்பு, 'அந்த நாற்காலி உன்னோடது'. அம்மாவின் முட்டிக்கு மாத்திரை வாங்குகிறவள் மேடையிலிருந்து இறங்கி எங்கே நடப்பாள்? அவளைத் திட்டலாம் என்று பார்க்கிறேன், எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், "ஒரு நல்ல இன்டர்ன்ஷிப் உங்க வாழ்க்கையையே தீர்மானிச்சிடும்" என்று முடித்தாள். அன்றைக்கு அவள் சொன்னதில் சத்தியமான வரி அது ஒன்றுதான்.

மதியம் ஒரு சின்ன அறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற வேலை. அதுவும் எப்போதும் இவள்தான். உதயா சாரும் ராகவன் சாரும் பிரின்ஸிபால் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுபத்ரா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். கொடுத்த டிராயிங்கில் தப்பைச் சட்டென்று தொட்டுக் காட்டினாள். இவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று கோகிலவாணி முடிவு செய்துவிட்டாள். எழுந்திருக்கப் போன பெண் தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"நான் வேற எந்தக் கம்பெனிக்கும் அப்ளை பண்ணல. சீனியர்ஸ் எல்லாம் உங்ககிட்டதான் போகச் சொன்னாங்க. கோகிலா அக்கா பேட்ச்னு சொன்னாலே பெங்களூர்ல கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்கறாங்களாம். ரெண்டு வருஷம் இருந்துட்டுக் கெளம்பிடணும், இல்லன்னா..." சுபத்ரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லன்னா?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"பரவால்ல, சொல்லு."

"இல்லன்னா அங்கயே மாட்டிப்போம்னு சொன்னாங்க அக்கா."

கோகிலவாணி பேனாவைக் கீழே வைத்தாள். காரில் வரும்போது வாக்கியம் வாக்கியமாக அவள் தயார் செய்ததெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. பல வருஷமாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு வருஷமும் எதிரே உட்கார்ந்து, அவள் பேச்சுக்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

"நான் ஜூன்லதான் சேர முடியும்" என்றாள் சுபத்ரா. நிஜமான கவலை அவள் முகத்தில் இருந்தது. "அதுக்குள்ள நீங்க வேற எங்கயும் போயிட மாட்டீங்கல்ல அக்கா?"

கோகிலவாணி அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தாள்.

"போகமாட்டேன்மா" என்றாள். "தைரியமா வா. அடுத்த ஆளை வரச் சொல்லு."